கயிற்றின் மேல் உட்கார்ந்தவன்

கயிற்றைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினெட்டு வருஷம் கமலை இறைத்தவன் நான். என் பெயர் சுடலைமாடன். இலஞ்சியில் ரெங்கம்மாள் ஆச்சியின் தோட்டக் கிணற்றில் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் போட்ட முடிச்சு ஒன்றாவது அவிழ்ந்திருக்கிறதா என்று.

கமலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்குள் கூனை என்கிற பெரிய வாளி இறங்கித் தண்ணீர் மொள்ளும். கூனையைத் தூக்குவது வடம் என்கிற தடித்த கயிறு. கூனையின் அடியில் இருக்கிற தோல் வாயை மடக்கிப் பிடித்திருப்பது வால்கயிறு என்கிற சின்னக் கயிறு. மாடுகள் இரண்டும் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். வடம் விறைத்தவுடன் கமலைக்காரன் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் சேர்ந்து இழுப்பதால் மாட்டுக்குப் பாரம் குறையும். சரிவு முடிந்ததும் இறங்கிவிடுவான். ஒரு நாளைக்கு இருநூறு தடவை, முந்நூறு தடவை உட்கார வேண்டும். இதில் யோசனைக்கெல்லாம் வேலை இல்லை, வடம் விறைத்தால் உடம்பு தானாக உட்காரும்.

ஜெர்மன்காரன் இரண்டாம் தடவை சண்டையைத் தொடங்கியதற்கு முந்தின வருஷம், ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல். எங்கள் ஊர்ச் செங்குளம் நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆச்சியின் ஒரே மகன் நம்பிராஜன், எங்களுக்குச் சின்னய்யா, அந்தப் பலகையைக் கொண்டுவந்தார்.

சின்னய்யாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு வலது கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். முகத்துக்கு நேரே மரியாதை, தலை மறைந்தால் நொண்டிப் பண்ணையார், இதுதான் ஊர் வழக்கம். கொழும்பில் மாமன் கடையில் நான்கு வருஷம் இருந்தார். அப்பா காலமான பிறகு ஊருக்கு வந்துவிட்டார். அங்கே ஓர் ஏரியில் வெள்ளைக்காரர்கள் மோட்டார் படகுக்குப் பின்னால் ஒரு பலகையைக் கட்டி, அதன் மேல் நின்றுகொண்டு தண்ணீர் மேல் போவார்களாம். இவரும் இரண்டு தடவை ஏறியிருக்கிறார். வந்த நாள் முதல் அதே நினைப்பு.

கொல்லத்திலிருந்து வள்ளம் என்கிற நீளப் படகு ஒன்று ரயிலில் வந்து இறங்கியது. தென்காசியில் பஸ் இன்ஜின் பழுது பார்க்கிற துல்கர்னைன் பாய், உடைசலுக்குப் போட்டிருந்த ஒரு இன்ஜினை உயிர்ப்பித்து வள்ளத்தின் நடுவில் பொருத்தினார். அது கத்துகிற கத்தலில் குளத்து நாரை எல்லாம் சிந்தாமணி ஊர்ப்பக்கம் ஓடிவிட்டன.

“இதெல்லாம் என்னத்துக்குச் சின்னய்யா?” என்று நான் கேட்டேன்.

“நடக்கத்தான் என் கால் பத்தாது சுடலை. நிக்கதுக்குப் பத்தும்” என்றார். “பலகையில ஏறிட்டா அடி எடுத்து வைக்க வேண்டாம். நான் நிப்பேன், தண்ணி போவும்.”

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பலகை துள்ளும்போது சூம்பின கால் வழுக்கிவிடும். அதற்காக மாட்டுத்தோல் வாரில் ஒரு துண்டை வளையமாகப் பலகையில் அடித்து, பாதத்தை அதற்குள் நுழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நின்றால் நல்லது. விழுந்தால் கால் வாரிலேயே மாட்டிக்கொள்ளும். படகு நிற்காமல் போனால் ஆளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அவர் விழுந்த கணத்தில் கயிறு படகிலிருந்து கழன்றாக வேண்டும். அதற்குத்தான் நான்.

ஆச்சி லேசில் சம்மதிக்கவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு தடவை ஏறலாம். கால் தவறி விழுந்தால் அன்றோடு சரி. இன்ஜினைக் கழற்றிப் பாயிடமே கொடுத்துவிட வேண்டும், வள்ளத்தைக் கீறி அடுப்புக்குப் போட்டுவிட வேண்டும். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

“மாடா, அவன் விழட்டும், எந்திரிக்கட்டும். அது தண்ணிதான. ஆனா வாருக்குள்ள கால் சிக்கி இழுபட்டான்னா, எனக்குன்னு ஒருத்தரும் இல்ல. ஒன் கையை நம்பித்தான் விடுதேன்.”

“என் உசிரு இருக்க வரைக்கும் ஒண்ணும் ஆகாது ஆச்சி” என்றேன். வாய்க்கென்ன, சொல்லிவிட்டது.

கயிறு கட்டுகிற விஷயத்தில்தான் எனக்கும் சின்னய்யாவுக்கும் முட்டிக்கொண்டது. நான் பின்கட்டையில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, அதில் எருமையைக் கட்டினாலும் அசையாது என்றேன். அவர் அதை அவிழ்க்கச் சொன்னார்.

“பின்னால கட்டுனா படகு திரும்பாது. கயிறு தாழ்ந்து அடியில இருக்க விசிறியில சுத்திக்கிடும். நடுவுல, உசரத்துல கட்டணும்.”

இன்ஜினுக்குப் பின்னால் வள்ளத்தின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரு குறுக்குக் கட்டை அடித்தார், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் இரும்பு வளையம். கயிற்றின் நுனியில் ஒரு கண்ணி. கண்ணியை வளையத்துக்குள் நுழைத்து, அது திரும்ப வராமல் குறுக்கே ஒரு தேக்கு ஆப்பு. ஆப்பில் ஒரு சின்னக் கயிறு, அதன் முனை என் கையில். வெடுக்கென்று இழுத்தால் ஆப்பு வரும், கண்ணி வளையத்தை விட்டு ஓடிவிடும்.

“என் முடிச்சு அவுறாது சின்னய்யா. இந்த ஆப்பு வேலையெல்லாம் வேண்டாம்.”

“அவுறணும் சுடலை. அதுதான் இங்கன சோலி.”

எனக்கு ஆங்காரம் வந்தது. பதினெட்டு வருஷம் அவிழாமல் கட்டியவனிடம் அவிழ்கிற மாதிரிக் கட்டச் சொன்னால் வராதா? முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கே பிடித்துப்போயிற்று. தடித்தது வடம், மெல்லியது வால்கயிறு, இழுக்கிற மாட்டுக்குப் பதில் இன்ஜின். மற்றதையும் அவர் சொல்லிக்கொடுத்தார். கயிறு காலடியில் சுருண்டு கிடக்கக் கூடாது. படகு பையப் போய்க் கயிறு விறைத்த பிறகுதான் வேகம் எடுக்க வேண்டும். பாய் முன்னால் பார்த்து ஓட்டுவார், நான் பின்னால் மட்டுமே பார்க்க வேண்டும், ஊரே தீப்பிடித்தாலும் திரும்பக் கூடாது. உமி மூட்டையைப் பலகையில் வைத்து ஐந்து தடவை பழகினோம். பாய் மெதுவாகத்தான் ஓட்டினார், கயிறு தொய்வாகத்தான் கிடந்தது. ஐந்து தடவையும் ஆப்பு வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் கூட்டம். சாரலுக்குக் குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் கூட அருவியை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். ஆச்சி மதகுப் பக்கம் ஒரு கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தாள். என் பெண்டாட்டி முப்பிடாதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

சின்னய்யா இடுப்பளவு தண்ணீரில் பலகையில் குப்புறப் படுத்தார். பாய் பைய எடுத்தார். கயிறு நீண்டது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன், பாய் வேகத்தைக் கூட்டினார். பலகை மூக்கைத் தூக்கியது. சின்னய்யா முட்டி போட்டார், வாருக்குள் பாதத்தை நுழைத்தார், எழுந்தார். நின்றுவிட்டார். கம்பு இல்லாமல், சாயாமல், பலகையின் பிடிகயிறு இரண்டையும் குதிரைக்காரன் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு உயரமான ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அரைக் குளம் போனதும் பாய் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார்.

வடம் விறைத்தது. நான் உட்கார்ந்தேன்.

எங்கள் சுடலை சாமி சத்தியமாகச் சொல்லுகிறேன், உட்கார்ந்தது எனக்குத் தெரியாது. கண் சின்னய்யா மேல்தான் இருந்தது. மனசெல்லாம் பூரிப்பு. மாட்டை அதட்டுகிற மாதிரி நாக்கைக் கூடச் சொடுக்கினேன் என்று நினைக்கிறேன். என் எடை இறங்கியதும் வடம் வளைந்து வெட்டி இழுத்தது. அங்கே பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. சின்னய்யா தலைகீழாகப் போனார்.

சின்னக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். ஆப்பு வரவில்லை. மறுபடி இழுத்தேன். வரவில்லை. என் பாரத்தில் கண்ணி கோணி, ஆப்பை வளையத்தோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தது. பலகை பக்கவாட்டில் திரும்பித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதன் பின்னால் ஒரு கை மேலே வந்தது, போனது. பாயைக் கூப்பிட்டேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்கும்? “சவத்து ஆப்பே, வா” என்று இரண்டு கையாலும் இழுத்தேன். அப்போதுதான் தொடைக்கு அடியில் கயிறு அறுக்கிறது என்று உறைத்தது.

எழுந்தேன். ஆப்பு தானாக வந்து என் நெற்றியில் அடித்தது. கயிறு சீறிக்கொண்டு பின்னால் ஓடியது. நான் அதன் பின்னாலேயே குதித்தேன்.

சின்னய்யாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, வாரிலிருந்து காலை உருவினேன். கக்கக் கக்கத் தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்தார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

“நீ உக்காந்தேல்லா?” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

“சின்னய்யா...”

“அம்மைட்ட சொல்லாத. ஒன்னைத் தோட்டத்துல வச்சிருக்க மாட்டா. கால் தவறிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

கரைக்கு வந்தோம். ஆச்சி முந்தானையால் மகனின் தலையைத் துவட்டினாள். அழவில்லை.

“கால் தவறிட்டும்மா” என்றார் சின்னய்யா.

“சரி. ஆசை தீந்துட்டுல்லா?” என்றவள் பாயைப் பார்த்தாள். “பாய், இன்ஜினைக் கழத்திக் கொண்டுபோயிரும்.”

கூட்டத்தில் எவனோ, “நொண்டிக்கு எதுக்குவே இந்தக் கோட்டித்தனம்” என்றான். அவன் பல்லை உடைக்கலாம் என்று திரும்பினேன். முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேசாம வாங்க. நீங்க உக்காந்ததை நான் பாத்தேன்” என்று காதோடு சொன்னாள். “அவுகளே காலுன்னு சொல்லிட்டாக. நமக்கு மூணு பிள்ள இருக்கு.”

அவள் சொன்னது நியாயம்தான். பத்தடி நடந்தேன். சின்னய்யா கம்பை ஊன்றிக்கொண்டு கரையேறுவது தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்தார். அரைக் குளம் தூரம் ஒரு மனுஷன் நிமிர்ந்து நின்றான், அதைக் கெடுத்தது நான், பழியைச் சுமந்துகொண்டு போவது அந்தச் சூம்பின கால். மூன்று வயது முதல் அந்தக் கால் பட்டது போதாதா? எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல வந்தது. முப்பிடாதியின் கையை உதறினேன்.

“ஆச்சி, சின்னய்யா கால் தவறல. நான்தான் வடத்து மேல உக்காந்துட்டேன்.”

ஆச்சிக்கு விளங்கவில்லை. “எதுக்குலே உக்காந்த?”

“வெறச்சிச்சு. உக்காந்துட்டேன்.”

கூட்டத்தில் பாதிப் பேர் கமலைக்காரர்கள். அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “ஏலே, மாடன் கொளத்துல கமலை எறச்சிருக்கான்லே” என்று ஒருவன் சொன்னதும் கரையே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மூதிகள். பாய் கூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். நான் தலை குனிந்து நின்றேன். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக ஒழுகியது.

ஆச்சி சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தாள். “நெசமா?”

சின்னய்யா தலையாட்டினார்.

“பின்ன ஏன் காலைச் சொன்ன?”

“காலைச் சொன்னா எல்லாரும் நம்புவாங்கம்மா” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆச்சியின் வாய் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன், அடக்கிக்கொண்டாள்.

“பாய், இன்ஜினு இருக்கட்டும். கால் தவறினாத்தான் நிறுத்தணும்னு சொன்னேன். கால் தவறலையே.”

“சரிம்மா. கயித்தை யாரைப் பிடிக்கச் சொல்ல?” என்றார் பாய்.

“அவனே பிடிக்கட்டும். புதுசா ஒருத்தன் வந்தா அவனும் உக்காருவான். இவன் இனிமே செத்தாலும் உக்கார மாட்டான்.”

அன்று முழுக்க நான் சோறு தின்னவில்லை. ஆச்சி என்னை அடித்துத் துரத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சாயங்காலம் முப்பிடாதி வேலியிலிருந்து நாலு கருவை முள் கொத்தை வெட்டிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள்.

“கயித்துல கட்டுங்க. புத்தி மறந்தாலும் பிட்டி மறக்காது.”

மறுநாள் காலை கட்டினேன். குறுக்குக் கட்டையிலிருந்து வள்ளத்தின் பின்விளிம்பு வரைக்கும் வடத்தில் முள். ஆப்புப் பக்கம் மட்டும் ஒரு சாண் விட்டுவிட்டேன். சின்னய்யா அதைப் பார்த்தார். ஆப்பை இரண்டு தடவை அவரே உருவிப் பார்த்தார், திரும்பச் செருகினார், சின்னக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, தவழ்ந்து தண்ணீரில் இறங்கினார். திங்கட்கிழமையாக இருந்தும் நேற்றைவிடக் கூட்டம் அதிகம். நான் மறுபடி உட்காருகிறேனா என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

பாய் எடுத்தார். வடம் விறைத்தது. என் முட்டி இரண்டும் தானாக மடங்கின. குறுக்குக் கட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சின்னய்யா எழுந்தார். வடக்குக் கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். திருப்பத்தில் வடம் ஒரு கணம் தொய்ந்து மறுபடி விறைத்தது, மறுபடி என் முட்டி மடங்கியது, தொடையில் முள் ஏறியது. கத்தவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. முழுக் குளத்தையும் இரண்டு சுற்றுச் சுற்றினோம். குற்றாலத்து மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, சாரல் முகத்தில் அடித்தது, அவர் நின்றுகொண்டே இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாக இருந்தது, அன்றைக்கு என்னைவிடக் கொடுத்துவைத்தவன் எவனும் இல்லை.

மதகுப் பக்கம் வந்ததும் கையைக் காட்டினார். நான் ஆப்பை உருவினேன். பலகை வேகம் குறைந்து, பைய அமிழ்ந்தது. அவர் வாரிலிருந்து காலை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கரையில் ஒரே கூச்சல். பாய் இன்ஜினை நிறுத்தினார், வள்ளம் கரையை முட்டியது.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர், தங்கசாமி என்று பெயர், சாரலுக்கு வந்தவர், ஆச்சிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இன்னார் என்று தெரியாமல் ஆச்சியிடமே கேட்டார்.

“ஆச்சி, அந்த நெட்டையா நிக்காரே, அது யாரு? பட்டாளத்து ஆளா?”

“எம் மவன்” என்றாள் ஆச்சி. அதற்குப் பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். சின்னய்யா கரையைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது, சூம்பின கால் கரைக்குத் தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கம்பை நீட்டினேன், வாங்கவில்லை.

“கரையேறலையா சின்னய்யா? எல்லாரும் நிக்காங்க.”

“இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிக்கேன் சுடலை” என்றார், கரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரி, நில்லுங்க” என்றேன்.

கம்பை என் முதுகுக்குப் பின்னால் இடுப்புத் துண்டில் செருகித் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டு, மிதந்து கிடந்த கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன். சுற்றி முடித்துவிட்டேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கயிற்றை மறுபடி தண்ணீரில் அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து சுற்றினேன்.